அம்மாவுக்கும் அரைமணி நேரம்!



அம்மா பின்னத் தொடங்கிய வயர் கூடை பாதியிலேயே நிற்கிறதா? எடுத்து உட்கார்ந்தால் போதும், "அம்மா, சாக்ஸ் எங்கே?", "அம்மா, பசிக்குது!" என்று கூப்பிடுகிறோம். அப்புறம் எப்படி முடியும்?

"அது வெறும் பொழுதுபோக்குதானே!" என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பருத்தி வயலில் பாடுபட்ட கறுப்பினத் தாய்மார்கள், பிள்ளைகள் குளிரில் நடுங்கக் கூடாதே என்று, கிழிந்த துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தார்கள். அந்தப் போர்வைகள் 2002ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006ல் அமெரிக்கத் தபால் தலைகளிலும் இடம்பிடித்தன!

வீட்டு வேலைக்கு நடுவே பிறப்பதும் கலைதான். அதற்குத் தேவை நேரம். அதை நீங்கள் கொடுக்கலாம். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள். சீருடையை மடித்து வையுங்கள். தம்பி, தங்கைக்கு அரைமணி நேரம் விளையாட்டுக் காட்டுங்கள். இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னதல்ல, பையன்களுக்கும்தான்!

வேலை முடிந்ததா? அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நெல்லிக்காய் முடிச்சு போடக் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதைவிட நல்ல பரிசு வேறில்லை!