ரெண்டு டெஸ்ட் எல்லாம் ஒரு தொடரா?

2025 நவம்பர் 26. குவாஹாத்தியில் இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோத்த அன்னிக்கு பிள்ளையார்பாளையத்துல ஒரு டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். ரன் கணக்குல பார்த்தா டெஸ்ட்ல நமக்கு அதுதான் மிகப்பெரிய தோல்வி. கடையில ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "கோச்சை மாத்து", "பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பு", "இனிமே டெஸ்ட் மேட்ச் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்." பொய் சொல்வானேன், என் குரலும் அதுல ஒண்ணு.

வீட்டுக்கு வந்து யோசிச்சா எனக்கு வந்த கோபம் தோத்ததுக்கு இல்லைன்னு புரிஞ்சது. கொல்கத்தாவுல ஜெயிக்க 124 ரன் போதும், 93-க்கு சுருண்டு 30 ரன்ல தோத்தோம். அடுத்தது குவாஹாத்தி. அவ்ளோதான், தொடர் முடிஞ்சு போச்சு. திருப்பிக் கொடுக்க மூணாவது மேட்ச்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அதே தென்னாப்பிரிக்கா அதே பயணத்துல மூணு ஒருநாள் போட்டி, அஞ்சு டி20 ஆட இங்கயே இருந்தாங்க. டெஸ்ட்டுக்கு மட்டும்தான் ரெண்டு!

இங்க கொஞ்சம் பழைய கதை சொல்லணும். 2001 மார்ச். ஸ்டீவ் வாவோட ஆஸ்திரேலியா தொடர்ச்சியா 15 டெஸ்ட் ஜெயிச்சுட்டு மும்பைக்கு வந்து இறங்கி, மூணே நாள்ல பத்து விக்கெட் வித்தியாசத்துல நம்மள அடிச்சு 16 ஆக்கினாங்க. அடுத்தது ஈடன் கார்டன்ஸ். அவங்க 445. நாம ரெண்டாம் நாள் முடியறப்ப எட்டு விக்கெட்டைத் தொலைச்சுட்டு நின்னோம். நான் அன்னிக்கே ரேடியோவை அணைச்சுட்டேன். "இதுக்கு மேல கேட்கறவன் முட்டாள்"னு ஒரு பஞ்ச் டயலாக் வேற.

சித்தப்பா ஒண்ணும் பேசல. குழித்தறியில உட்கார்ந்தபடியே கையை நீட்டி ரேடியோவை மறுபடி போட்டார். "ஏண்டா, ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுட்டு மேல நெய்வானா, இல்ல புடவையைக் கிழிச்சுப் போடுவானா?"ன்னு கேட்டுட்டு நாடாவைத் தட்ட ஆரம்பிச்சுட்டார்.

நாலாம் நாள் சாயங்காலம் வந்து "ஸ்கோர் என்ன சித்தப்பா?"ன்னு கேட்டேன். "காலையில இருந்து ஒரு விக்கெட் விழல"ன்னார். நம்பவே இல்லை நான். லக்ஷ்மண் 281, டிராவிட் 180, ரெண்டு பேரும் சேர்ந்து 376. ஃபாலோ ஆன் வாங்கின அணி 171 ரன்ல ஜெயிச்சது. டெஸ்ட் வரலாற்றுல அப்படி நடந்தது அது மூணாவது தடவைதான். நான் அணைச்சது அந்த மேட்சை! இன்னிக்கும் யாராவது லக்ஷ்மண் பேரை எடுத்தா எனக்கு சந்தோஷத்தைவிட வெட்கம்தான் முதல்ல வருது.

அப்புறம் சேப்பாக்கம். ஹெய்டன் 203, டெண்டுல்கர் 126, ஹர்பஜனுக்கு மேட்ச்ல 15 விக்கெட், தொடர்ல மொத்தம் 32. கடைசி நாள் 155 அடிக்கணும். அதுக்குள்ள எட்டு விக்கெட் போச்சு. எங்க தெருவுல அந்தக் கடைசி அரை மணி நேரம் தறிச் சத்தமே இல்லை. முதல் டெஸ்ட் ஆடின சமீர் திகே ஒரு முனையில நிக்க, ஹர்பஜன் ரெண்டு ரன் அடிச்சு முடிச்சார். 2-1.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. அந்தத் தொடர் இந்தக் காலத்து மாதிரி ரெண்டு டெஸ்ட்டோட நின்னிருந்தா 1-1. சேப்பாக்கம்னு ஒண்ணு நடந்தே இருக்காது.

2020-21 ஆஸ்திரேலியா பயணத்தை எடுத்துக்குங்க. அடிலெய்டுல 36 ரன். கோலி ஊருக்குக் கிளம்பிட்டார். மெல்போர்ன்ல ரஹானே சதம் அடிச்சு 1-1. சிட்னியில தொடை தசை கிழிஞ்ச விஹாரியும், முதுகுவலியில குனிய முடியாத அஸ்வினும் நாற்பது ஓவருக்கு மேல நின்னு டிரா பண்ணினாங்க. பிரிஸ்பேன்ல நம்ம நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அது முதல் டெஸ்ட். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோக்காத மைதானம் அது. 328 அடிச்சு ஜெயிச்சோம். ரெண்டோட நிறுத்தியிருந்தா சிட்னியும் இல்லை, பிரிஸ்பேனும் இல்லை. சின்னப்பம்பட்டிப் பையன் டெஸ்ட் தொப்பி போட்டிருப்பானாங்கறதும் சந்தேகம்தான்.

2025 இங்கிலாந்து. லீட்ஸ்ல நம்மாளுங்க அஞ்சு சதம் அடிச்சும் தோல்வி. எட்ஜ்பாஸ்டன்ல கில் 269, 161. 336 ரன்ல ஜெயம். லார்ட்ஸ்ல சிராஜ் தடுத்த பந்து உருண்டுபோய் ஸ்டம்ப்ல பட்டு 22 ரன்ல தோத்தோம். மூணோட நிறுத்தியிருந்தா 1-2, சிராஜ் அழுதுக்கிட்டே ஊர் திரும்பியிருப்பார். நாலாவதுல ஜடேஜாவும் வாஷிங்டனும் சதம் அடிச்சுக் காப்பாத்தினாங்க. அஞ்சாவது ஓவல்ல, ஆகஸ்ட் 4-ம் தேதி, அதே சிராஜ் கடைசி விக்கெட்டை எடுத்து 6 ரன்ல ஜெயிச்சு 2-2. கிறிஸ் வோக்ஸ் ஒரு கையைக் கட்டு போட்டுக்கிட்டு ஆட வந்தது அந்தக் காலையிலதான். இதுல எந்த ஒரு மேட்சை உருவினாலும் கதை அறுந்து போயிடும்.

ரெண்டு டெஸ்ட் தொடர் எப்படி வலிக்கும்னு தெரியணுமா? 1999. சேப்பாக்கத்துல டெண்டுல்கர் 136 அடிச்சும் பாகிஸ்தான்கிட்ட 12 ரன்ல தோத்தோம். மைதானமே எழுந்து நின்னு கை தட்டினது எதிரணிக்கு! அடுத்து டெல்லியில கும்ப்ளே ஒரே இன்னிங்ஸ்ல பத்து விக்கெட். 1-1. அவ்ளோதான், கடை கட்டியாச்சு. மூணாவதா ஒண்ணு இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு இத்தனை வருஷமா மனசுல ஆடிப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

"நீ சொல்றதெல்லாம் நாம ஜெயிச்ச கதை. மேட்ச் கூடினா தோல்வியும் கூடும்ல?"ன்னு டீக்கடை நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. 2024-ல நியூசிலாந்தோட மூணு டெஸ்ட் ஆடினோம். பெங்களூர்ல 46 ஆல் அவுட்ல ஆரம்பிச்சு, மும்பையில 147 அடிக்க முடியாம 121-ல முடிஞ்சு 0-3. ஆனா அதுக்கு அப்புறம் "ஏதோ பிட்ச் சரியில்ல, டாஸ் போச்சு"ன்னு சாக்கு சொல்ல யாருக்கும் வாய் வரல. மூணு ஊர்ல, மூணு விதமா அடிச்சுட்டுப் போனாங்க. நீளமான தொடர் நம்மள ஜெயிக்க வைக்கணும்னு நான் கேட்கல. ஜெயிச்சவன் நிஜமாவே ஜெயிச்சான், தோத்தவன் நிஜமாவே தோத்தான்னு தெரியணும். குவாஹாத்தியில சதம் அடிச்ச செனுரன் முத்துசாமி, நம்ம ஊர்ப் பக்கத்து வேர் உள்ள மனுஷன், அவருக்கும்கூட இன்னொரு மேட்ச் ஆடிக் காட்ட வாய்ப்பு இல்லையே.

சின்ன வாரியங்களுக்கு டெஸ்ட் நடத்தினா கைக்காசு போகுதுங்கறது உண்மை. தென்னாப்பிரிக்கா 2025 ஜூன்ல லார்ட்ஸ்ல டெஸ்ட் சாம்பியன் ஆச்சு. அந்தச் சுற்று முழுக்க அவங்க ஆடின ஆறு தொடரும் ரெண்டு ரெண்டு டெஸ்ட்தான். அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், வசதி இல்லை. நமக்கு என்ன வந்தது? உலகத்துலயே பணக்கார வாரியம் நம்மளது. 2025 உள்ளூர் சீசன்ல வெஸ்ட் இண்டீஸோட ரெண்டு, தென்னாப்பிரிக்காவோட ரெண்டு. ஐ.சி.சி. விதி குறைஞ்சது ரெண்டுன்னு சொல்லுது. மூணு வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே! குறைஞ்சபட்சம் மூணுன்னு விதியையே மாத்தணும். நட்டம் வர்ற வாரியங்களுக்குப் பணம் உள்ளவங்க கை கொடுக்கணும்.

அதே சமயம் நம்ம முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கணும். முதல் தோல்வியிலயே டிவியை அணைச்சுட்டு, "ஒருத்தனும் டெஸ்ட் பார்க்கறதில்லை"ன்னு வாரியம் சொன்னா மட்டும் கோபப்பட்டா எப்படி? கூட்டம் இல்லை, ரசிகன் இல்லைன்னு சொல்றதுக்கு நாமளே சாக்கு எடுத்துக் கொடுக்கறோம். சேப்பாக்கத்துல டெஸ்ட் நடந்தா வானொலியில அப்துல் ஜப்பார் குரல்ல தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்த ஊர்ங்க இது. ரன்னே வராத ஓவரையும் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே நெய்தவங்க இருந்த ஊர். அந்தப் பொறுமை நம்மகிட்ட எங்க போச்சு?

சித்தப்பா தறியில ஒரு பாவு ஏத்தினா மூணு புடவை வரும். முதல் புடவையில எங்கயாவது சறுக்கினா அடுத்ததுல சரி பண்ணிக்குவார். மூணும் இறங்கினப்புறம்தான் அந்தப் பாவு எப்படின்னு வாயைத் திறப்பார். கிரிக்கெட்டுக்கும் அந்த மூணு வேணும்னுதான் கேட்கறேன், பெருசா வேற எதுவும் இல்லை.

பி.கு: சித்தப்பா இப்ப நெய்யறதில்லை, கண் சரியில்லை. ஆனா ஓவல் கடைசி நாள் அன்னிக்கு ஃபோன் பண்ணி "டிவி போட்டிருக்கியா, இல்ல அணைச்சுட்டியா?"ன்னு கேட்டார். போட்டிருந்தேன் சித்தப்பா, சத்தியமா போட்டிருந்தேன்.