மேஜைக்குப் பின்னால் ஒரு கரும்புக் கட்டு

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால் பேனா விழுந்தால், விழுந்ததுதான். கை விட்டு எடுக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆறு மாதத்தில் நாலு பேனா, ஒரு சீப்பு, என் பெண்ணின் பச்சைக் கலர் பென்சில் எல்லாம் அந்த ஒயர் காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

"அந்த மூலையைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதாங்க? பாம்பு புகுந்தாக்கூட எது பாம்பு, எது ஒயர்னு தெரியாது" என்றாள் மனைவி. மச்சினியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கும் வருவதாகத் தகவல். பையன் சாஃப்ட்வேர். ஆகவே அவர் கண் முதலில் கம்ப்யூட்டர் பக்கம்தான் போகும் என்பது அவள் கட்சி.

படாளத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் டை வாங்கி வந்தேன். வால் பக்கத்தைத் தலைக்குள் விட்டு இழுத்தால் 'கர்ர்ர்' என்று இறுகுமே, அதே சமாசாரம். பாக்கெட்டில் நூறு. இந்த வஸ்துவுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அந்தக் காலத்தில் விமானத்துக்குள் ஓடும் ஆயிரக்கணக்கான ஒயர்களை மெழுகு தடவிய நூலால் முடிச்சுப் போட்டுத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். இழுத்து இழுத்துத் தொழிலாளர்களின் விரல் புண்ணானதைப் பார்த்து, அமெரிக்காவில் தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியின் மாரஸ் லோகன் என்பவர் 1958-ல் இந்தப் பட்டையைக் கொண்டு வந்தார். விமானத்துக்குப் பிறந்தது, விலை இறங்கி இறங்கி, என் போன்ற பி.காம். கையில் கிடைத்துவிட்டது. வினை அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையை நகர்த்தி ஒயர்களை எண்ணினேன். பதினேழு! மானிட்டருக்கு இரண்டு, பிரிண்டருக்கு இரண்டு, ஸ்பீக்கர், யு.பி.எஸ்., இன்டர்நெட் பெட்டி, ஆளுக்கொரு செல்போன் சார்ஜர்... பதினேழையும் ஒன்றாகச் சேர்த்து ஜாணுக்கு ஒரு டை போட்டு இறுக்கினேன். ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயரை மட்டும் தோசைக்கல் அளவுக்கு வட்டமாகச் சுருட்டி, அதற்கும் நாலு டை போட்டு, ஒரு செருப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே பூப்போட்ட துணி விரித்தேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்பா இங்கே சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிடையர் ஆனவர். வாசல்படியில் நின்றே பார்த்தார். "என்னடா இது, கரும்புக் கட்டு மாதிரி கட்டி வெச்சிருக்கே?" என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி லாரியாகக் கரும்பு போவதைப் பார்த்து வளர்ந்த ஊர். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் அடி அரை மணி நேரத்தில் விழுந்தது. இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு. மறுநாள் காலை லைன்மேன் பையன் வந்து எட்டிப் பார்த்தவன், தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், இது கம்பி இல்ல, கண்ணாடி. உள்ளே வெளிச்சம் ஓடுது. இதைப் போய் மூட்டை கட்டியிருக்கீங்களே!" ஒரே ஒரு டையை வெட்டி, மடங்கிய மஞ்சள் ஒயரை அகலமாக வளைத்து விட்டான். பச்சை விளக்கு வந்துவிட்டது. கண்ணாடி இழை ஒரு அளவுக்கு மேல் வளைந்தால் வெளிச்சம் உள்ளே திரும்பாமல் வெளியே கசிந்துவிடுமாம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்த மாதிரி கடல் கேபிள்களைக்கூட விறைப்பாக இழுத்துப் போடுவதில்லை. கடல் தரையின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி கொஞ்சம் தளர விட்டுத்தான் இறக்குகிறார்கள். நான் மூன்றடி மேஜைக்கு இறுக்கியிருக்கிறேன்!

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அன்று ராத்திரி மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்து அதே எக்ஸ்டென்ஷனில் சொருகினாள். பெண்ணின் யூனிஃபார்ம், என் சட்டைகள், பிறகு விருந்தாளிகள் வரும் நாளுக்கென்று காட்டன் புடவை. காட்டன் புடவை இஸ்திரி என்பது ஒரு சினிமா பார்க்கிற நேரம். நான் பக்கத்தில் கம்ப்யூட்டரில் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தேன். பெண், ஃபேன் காற்று நன்றாக வருகிறதென்று, மேஜையை ஒட்டிப் பாய் போட்டுத் தூங்கிவிட்டாள்.

திண்ணையிலிருந்து அப்பா குரல். "டேய், ஒயர் வாசனை வருது. மெயினை அணை!"

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. மனைவிக்கும் இல்லை. "புடவைக் கஞ்சி வாசனையா இருக்கும் மாமா" என்றாள். அதற்குள் அறுபத்தெட்டு வயது மனிதர் உள்ளே வந்து மெயினை இறக்கிவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் அட்டைப்பெட்டியைத் திறந்தோம். பெட்டியின் அடிப்பக்கம் பழுப்பேறி இருந்தது. ஒயர் வட்டம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நிஜமாகவே தோசை மாதிரி ஒரே துண்டாக வந்தது. பெட்டியிலிருந்து குழந்தையின் தலை இரண்டடி தூரம்.

மனைவி பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு ஆறவில்லை. பேப்பரில் கணக்குப் போட்டேன். இஸ்திரிப் பெட்டி 1000 வாட், கம்ப்யூட்டர் வகையறா 300 வாட். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1380 வாட். "எல்லைக்குள்ளதானே இருக்கு?" என்றேன் அப்பாவிடம்.

"உங்க படிப்புல டிரையல் பேலன்ஸ் டாலி ஆயிட்டா கணக்கு சரின்னு அர்த்தமா?"

இல்லை. இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டினாலும் டாலி ஆகும். பி.காம். முதல் வருஷப் பாடம்.

"அதேதான். பிளக் தாங்கும். நீ வாங்கின மெல்லிசு ஒயர் தாங்கணுமே? நீட்டிப் போட்டிருந்தா சூடு காத்துல போயிடும். சுருட்டி வெச்சா ஒரு சுத்தோட சூடு அடுத்த சுத்துக்கு. அதையும் பொட்டியில போட்டு மூடி, துணியும் போத்திட்டே. கரண்ட் ரெண்டு மடங்கு போனா சூடு நாலு மடங்குடா." சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்பதையும் அப்புறம் சொன்னார்.

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கரும்புக் கட்டுன்னு சொன்னேனே!"

விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாள் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அப்பா நாற்காலியில், நான் தரையில். நூறு டையில் மிச்சமிருந்ததைத் தொடவே விடவில்லை. கரண்ட் ஒயர்கள் இடது பக்கம், மற்றவை வலது பக்கம். தடியான ஒயரில் ஒன்றரை மீட்டருக்குப் புது எக்ஸ்டென்ஷன், சுருட்டலே கிடையாது. இஸ்திரிப் பெட்டிக்கு இனிமேல் சுவரில் இருக்கிற 16 ஆம்பியர் பாயின்ட்தான். ஒவ்வொரு ஒயருக்கும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினேன், இரண்டு முனையிலும். இங்கே ஒரு பற்று இருந்தால் அங்கே ஒரு வரவு இருக்க வேண்டாமா? என் படிப்பு உதவிய ஒரே இடம்.

கட்டுவதற்குப் பாவாடை நாடா. ஆலையில் பேனல் ஒயர்களை வரிசையாக நூலால் கட்டிய கை அப்பாவுடையது. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் அடுத்தது நிற்கும் என்பார். நாசாக்காரர்கள் செவ்வாய்க்கு அனுப்பிய வண்டியில்கூட ஒயர்களை இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் நாடாவை ஆசையாக வாங்கினார். முதல் முடிச்சிலேயே விரல் நடுங்கியது. இரண்டு முறை நழுவியது. அந்த நடுக்கத்தை அன்றுதான் நான் பார்த்தேன். எத்தனை நாளாக இருக்கிறதோ.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "இங்கே கொடுங்க. பூக் கட்டற மாதிரிதானே?" என்று உட்கார்ந்தாள். அப்பா சொல்லச் சொல்ல, அம்மா கட்டினாள். மல்லிகைச் சரம் மாதிரி வரிசையாக விழுந்தது முடிச்சு. "ரொம்ப இறுக்காதே, மூச்சு விடட்டும்" என்று அப்பா நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை அம்மா முறைத்ததில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். ஹாலில் புழுக்கமாக இருக்கிறதென்று அத்தனை பேரும் திண்ணையிலேயே உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாஃப்ட்வேர் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் இருக்கிற திசைக்கே திரும்பவில்லை.

பின்னால் விழுந்த நாலு பேனாவையும் மீட்டுவிட்டேன். ஒன்றுகூட எழுதவில்லை. பச்சைக் கலர் பென்சில் நன்றாக எழுதுகிறது.