விளையாட்டு வீரனும் விற்பனைப் பண்டமும்

ஐவருக்கு ஐவராக நின்று ஆடப்படுவது கூடைப்பந்தாட்டம். பதினொருவர் ஆடும் உதைபந்தாட்டத்தில் தனியொரு வீரனின் திறன் ஏனைய பதின்மரின் திறனுள் ஓரளவு கரைந்துவிடும். ஐவர் மட்டுமே களத்தில் நிற்கும் ஆட்டத்திலோ நிலைமை வேறு. நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தில் நாற்பது நிமிடம் வரை களத்தில் நிற்கவல்ல ஒருவர், ஆட்டத்தின் போக்கையே நிர்ணயித்துவிட முடியும். ஆதலால் கூடைப்பந்தாட்டக் கழகமொன்றின் ஏற்றமும் இறக்கமும் அதன் தலைசிறந்த வீரரோடு பிணைந்து கிடக்கின்றன. கழகம் எதிர்பார்த்த வெற்றியை எய்தாதபோது, 'இவரை நடுவில் நிறுத்தி அணியைக் கட்டுவதா, அன்றி இவரைக் கைமாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா?' என்னும் வினா எழுவதும் அதனாலேயே.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் ஓயாது எழுந்துகொண்டிருக்கும் இவ்வினாவை வெறும் விளையாட்டுச் செய்தியாகக் கருதிப் புறந்தள்ளுவோர் நம்மிடையே உளர். அஃது பொருந்தாது. நிறுவனமொன்று தன்னிடமுள்ள ஆற்றலை எவ்வாறு நடத்துகின்றது, தோல்வி நேர்ந்தவிடத்துப் பழியை எவர்மீது சுமத்துகின்றது என்பனவே ஈண்டு உண்மையான வினாக்கள். கட்டத் தெரியாத நிர்வாகம், தன் இயலாமையை மறைக்கும்பொருட்டு, கட்டடத்தின் நடுத்தூணையே குற்றவாளியாக்கி விற்றுவிடுகின்றது. அவ்விற்பனைக்கு 'மறுசீரமைப்பு' என்று பெயரும் சூட்டுகின்றது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதற்கண் அங்குள்ள நடைமுறையைச் சுருக்கமாக நோக்குதல் தகும். அச்சங்கத்தில் முப்பது கழகங்கள் உள. புதிய வீரர்கள் ஆண்டுதோறும் நிகழும் தெரிவின்மூலம் கழகங்களுக்குப் பகிரப்படுகின்றனர். தோல்வியுற்ற கழகங்களுக்குச் சீட்டுக் குலுக்கல் முறையில் முன்னிடம் கிடைக்கும். எதிர்கால ஆண்டுகளின் தெரிவுரிமைகளையும் கழகங்கள் தமக்குள் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்னர் ஒரு வீரரை மற்றொரு கழகத்துக்குக் கைமாற்றவும் நிர்வாகத்துக்கு உரிமையுண்டு. மிகச் சிலரைத் தவிர, ஏனைய வீரர்களின் சம்மதம் இதற்கு வேண்டப்படுவதில்லை. காலையில் ஒரு நகரத்தின் வீரராக எழுந்தவர், மாலையில் மற்றொரு நகரத்தின் வீரராக உறங்கச் செல்லலாம்.

இனி, ஒரே நகரத்தின் இரு வரலாறுகளை ஒப்புநோக்குவோம். டலஸ் மவரிக்ஸ் கழகத்துக்கு 1998 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலிருந்து வந்து சேர்ந்தவர் டேர்க் நொவிற்ஸ்கி. 2006 ஆம் ஆண்டு இறுதிச்சுற்றில் மயாமி அணிக்கெதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற டலஸ், அடுத்த நான்கையும் இழந்தது. மறு பருவத்தில் 67 வெற்றிகளுடன் சங்கத்திலேயே முதலிடம் பெற்ற அவ்வணி, எட்டாமிடத்திலிருந்த கோல்டன் ஸ்ரேற் அணியிடம் முதற்சுற்றிலேயே வீழ்ந்தது. அவ்வாண்டின் மிகச்சிறந்த வீரர் விருதை நொவிற்ஸ்கி பெற்றபோது அவரது அணி போட்டியிலேயே இல்லை. 2007 முதல் 2010 வரையான நான்கு ஆண்டுகளில் மூன்றுமுறை முதற்சுற்றுடன் வெளியேற்றம். 'மென்மையானவர்', 'இறுதி வேளையில் தளர்பவர்' என்றெல்லாம் விமர்சகர்கள் அவரை இகழ்ந்தனர்.

ஆயினும் டலஸ் அவரை விற்கவில்லை. அவரைச் சூழக் கட்டியது. 2008 இல் ஜேசன் கிட், 2009 இல் ஷோன் மரியன், 2010 இல் ரைசன் சான்ட்லர் என அவரது குறைகளை ஈடுசெய்யும் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொணரப்பட்டனர். 2008 இல் றிக் கார்லைல் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். விளைவு யாது? 2011 ஆம் ஆண்டில், லெப்ரோன் ஜேம்ஸ், டுவெயின் வேட், கிறிஸ் பொஷ் ஆகிய மூவரையும் கொண்ட அதே மயாமியை 4-2 என்ற கணக்கில் வென்று டலஸ் தனது முதலாவது சம்பியன் பட்டத்தைச் சூடியது. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் நொவிற்ஸ்கியே. அவர் இருபத்தொரு பருவங்கள் அக்கழகமொன்றிலேயே ஆடி ஓய்வு பெற்றார்.

இப்பாடத்தை உலகுக்குக் கற்பித்த கழகமே அதனை மறந்தமைதான் விந்தை. 2018 இல் டலஸுக்கு வந்த சுலோவேனிய இளைஞர் லூகா டொன்சிச், தமது இரண்டாவது பருவத்திலிருந்து தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சங்கத்தின் தலைசிறந்த ஐவருள் ஒருவராகத் தெரியப்பட்டவர். 2022 இல் அணியை மேற்குப் பிரிவின் இறுதிவரை கொண்டுசென்றார். அதன்பின் நிர்வாகம் செய்ததென்ன? அவருக்கு உற்ற துணையாக வளர்ந்திருந்த ஜேலன் பிரன்சனை, அவ்வாண்டுக் கோடையிலேயே ஒப்பந்தம் முடிந்த நிலையில் நியூயோர்க் கழகத்துக்கு இழந்துவிட்டது. பிரன்சனைத் தலைவராகக் கொண்ட நியூயோர்க், 2025 இல், இருபத்தைந்து ஆண்டுகளின்பின் கிழக்குப் பிரிவின் இறுதியை எட்டியது. டலஸோ 2023 இல் தகுதிச்சுற்றையும் தவறவிட்டது. இப்பின்னடைவு டொன்சிச்சின் குறையால் விளைந்ததெனக் கூறுவது நேர்மையன்று.

பின்னர் கைரி இர்விங் வந்தார். 2024 பெப்ரவரியில் பி. ஜே. வோசிங்டனும் டானியல் கஃபோட்டும் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு யூன் மாதத்தில் டலஸ் இறுதிச்சுற்றில் நின்றது. பொஸ்ரனிடம் 4-1 எனத் தோற்றமை உண்மையே. எனினும் சரியான துணைவர்களைச் சேர்த்த நான்கே மாதங்களில் இறுதிச்சுற்றை எட்டிய அணி, நட்சத்திரத்தைச் சூழக் கட்டுதல் பயன் தருமென்பதற்கு நேரடிச் சான்றன்றோ?

அவ்விறுதிச்சுற்று முடிந்து எட்டு மாதங்கள்கூட நிறையாத வேளையில், 2025 பெப்ரவரி முதல் வார இறுதியில், நள்ளிரவை அண்டிய நேரத்தில் செய்தி வெளியாயிற்று. இருபத்தாறு வயதை இன்னும் எட்டாத டொன்சிச் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கழகத்துக்குக் கைமாற்றப்பட்டார். ஈடாகப் பெறப்பட்டவை: முப்பத்தொரு வயதான அன்ரனி டேவிஸ், இளம் வீரர் மக்ஸ் கிறிஸ்ரி, 2029 ஆம் ஆண்டுக்குரிய முதற்சுற்றுத் தெரிவுரிமை ஒன்று. டொன்சிச் வெளியேற விரும்பியிருக்கவில்லை. அவரிடம் எவரும் கேட்கவுமில்லை.

இக்கைமாற்றத்தை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

டொன்சிச் தடுப்பாட்டத்தில் வலுவற்றவர், தடுப்பாட்டமே பட்டங்களை ஈட்டித் தரும் என்பது முதலாவது நியாயம். பொது முகாமையாளர் நிக்கோ ஹரிசன் முன்வைத்த விளக்கமும் இதுவே. நொவிற்ஸ்கியும் தடுப்பாட்டத்திற்குப் பெயர் பெற்றவரல்லர். அக்குறையை நிரப்பவே சான்ட்லர் கொணரப்பட்டார். ஒருவரிடம் இல்லாததை மற்றொருவரிடமிருந்து பெற்று இணைப்பதற்காகவே அணி என்ற ஒன்று இருக்கின்றது. எல்லாம் ஒருவரிடமே நிறைந்திருக்க வேண்டுமெனில், முகாமையாளருக்கு அங்கு வேலை யாது?

அவர் உடலைப் பேணுவதில் கருத்தற்றவர், 2024 டிசெம்பரில் கெண்டைக்காலில் காயமுற்று ஆடாதிருந்தார் என்பது இரண்டாவது நியாயம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையிருக்கலாம். ஆனால் காயத்திற்கு அஞ்சி ஓர் இளைஞரை நீக்கியோர், காயங்களுக்கே பேர்பெற்றவரும் அவரினும் மூத்தவருமான ஒருவரையன்றோ பெற்றுக்கொண்டனர்! டேவிஸ் டலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வாரக்கணக்கில் ஒதுங்கியிருந்தார். இர்விங்கும் மார்ச் மாதத்தில் முழங்காற் காயத்துடன் பருவத்தை முடித்துக்கொண்டார். டலஸ் தகுதிச்சுற்றை எட்டாமலே அவ்வாண்டு நிறைவுற்றது.

மூன்றாவது நியாயம் பணம் பற்றியது. டொன்சிச் டலஸிலேயே இருந்திருப்பின், 2025 கோடையில் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 345 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தமொன்றுக்கு உரித்துடையவராகியிருப்பார். அப்பெருந்தொகையை ஒருவர்மீது முடக்குவது அறிவுடைமையாகுமா என்று வினவுகின்றனர். இங்குதான் ஆட்டத்தின் இலக்கணத்தை நினைவூட்ட வேண்டியுள்ளது. களத்தில் ஐந்து இடங்களே உள. சிறந்த ஒருவரை விற்று நடுத்தரமான ஐவரைப் பெறினும், அவர்கள் ஐவரும் அவரது ஓர் இடத்தில் ஒருங்கே நின்று ஆட இயலாது. சந்தையில் ஐந்து சிறு நாணயங்கள் ஒரு பெரு நாணயத்துக்கு ஈடாகலாம். கூடைப்பந்தாட்டக் களத்தில் ஆகா.

இதற்கு மினசோட்டாக் கழகத்தின் வரலாறே சாட்சி. 1995 இல் அங்கு வந்த கெவின் கார்னெற்றைச் சூழ நல்லதோர் அணியை அந்நிர்வாகம் கட்டியதா? ஜோ ஸ்மித் என்னும் வீரருடன் விதிகளுக்கு முரணாக இரகசிய ஒப்பந்தம் செய்து, 2000 ஆம் ஆண்டில் 3.5 மில்லியன் டொலர் தண்டமும் முதற்சுற்றுத் தெரிவுரிமைகள் பலவற்றின் இழப்பும் தேடிக்கொண்டது. இளம் வீரர்கள் வரும் வாயிலை நிர்வாகமே அடைத்துவிட்டு, பின்னர் கார்னெற்றால் வெல்ல முடியவில்லை என்றது. 2007 யூலையில் ஐந்து வீரர்களுக்கும் இரண்டு தெரிவுரிமைகளுக்கும் ஈடாக அவர் பொஸ்ரனுக்கு அளிக்கப்பட்டார். முந்திய பருவத்தில் 24 வெற்றிகள் மட்டுமே பெற்றிருந்த பொஸ்ரன், அவரும் றே அலனும் வந்து போல் பியேர்ஸுடன் இணைந்த பருவத்தில் 66 வெற்றிகளும் சம்பியன் பட்டமும் பெற்றது. மினசோட்டா மீண்டும் தகுதிச்சுற்றை எட்டியது 2018 இல். 'மறுசீரமைப்பு' என்னும் சொல்லின் பொருளை அந்நகரத்து மக்கள் பதினொரு ஆண்டுகள் அனுபவித்து அறிந்தனர்.

கைமாற்றம் ஒருபோதும் பயன் தராது என்பது எமது கருத்தன்று. ஒக்லஹோமா கழகம் 2019 இல் போல் ஜோர்ஜைக் கைமாற்றி, ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் ஐந்து முதற்சுற்றுத் தெரிவுரிமைகளையும் பெற்றது. 2025 இல் சம்பியனாகியது. ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் உதாரணம் இதுவே. ஆனால் அவர்கள் கூறாது விடும் இரு செய்திகள் உள. முதலாவது, ஜோர்ஜ் தாமாகவே வெளியேற விரும்பினார். இரண்டாவது, அக்கழகம் அதன்பின் செய்தது என்ன? கில்ஜியஸ் அலெக்சாண்டரை நடுவில் நிறுத்தி, ஆறாண்டுகள் பொறுமையோடு அவரைச் சூழக் கட்டியது. அவ்வகையில் ஒக்லஹோமாவின் வெற்றியும் எமது வாதத்துக்கே அரணாகின்றது. அதே கழகம் 2012 இல், இளம் ஜேம்ஸ் ஹாடனைச் சம்பளப் பிணக்கொன்றினால் ஹியூஸ்ரனுக்கு அளித்துவிட்டு, அவ்வணியுடன் பட்டம் எதனையும் காணாது போனமையும் மறக்கத்தக்கதன்று.

மற்றொரு தரப்பினரையும் இங்கு மறுத்தல் வேண்டும். வீரர் எக்காலத்தும் ஒரே நகரத்துக்கு உரியவராயிருத்தலே விசுவாசம் எனக் கூறும் இரசிகர்கள் அவர்கள். கரீம் அப்துல் ஜபார் 1971 இல் மில்வோக்கிக்குப் பட்டம் பெற்றுக்கொடுத்தார். பின் தாம் அந்நகரைவிட்டு நீங்க விரும்புவதாக 1974 இல் நிர்வாகத்திடம் தெரிவித்தார். மறு ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் சென்று அங்கு ஐந்து பட்டங்கள் வென்றார். அவரைத் துரோகி என்பது தகுமா? அவரது தோழர் ஒஸ்கார் றொபேட்சன், வீரர் சங்கத் தலைவராக 1970 இல் தொடுத்த வழக்கு 1976 இல் இணக்கத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பிய கழகத்தைத் தேடிச் செல்லும் உரிமை அதன் பயனாகவே விரிவுற்றது. வீரனை விற்கும் முதலாளியும், வீரனைக் கட்டிவைக்க விரும்பும் இரசிகனும் ஒரே தவற்றையே புரிகின்றனர். இருவருமே அவனை மனிதனாகவன்றி உடைமையாகவே காண்கின்றனர்.

ஆகவே எமது அளவுகோல் இதுவே. செல்ல விரும்பும் வீரருக்கு வழிவிடுக. இருக்க விரும்பும் வீரரை விற்க முனையும் நிர்வாகமோ முதலில் தன்னையே வினவுக: இவருக்குத் தக்க துணைவரைத் தந்தோமா? தந்தவரைக் காத்தோமா? போதிய காலம் அளித்தோமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என விடையளிக்க இயலாத நிர்வாகத்துக்கு விற்கும் தார்மிக உரிமை கிடையாது. 2021 இல் மில்வோக்கி ஐம்பதாண்டுகளின் பின்னர் மீண்டும் பட்டம் வென்றமைக்குக் காரணமும் இதுவே. 2019 இலும் 2020 இலும் முன்னணியில் நின்று தோற்றபோதும், யானிஸ் அன்ரெரொகூன்போவை விற்காமல், தெரிவுரிமைகள் பலவற்றை ஈந்து ஜூரூ ஹொலிடேயைக் கொணர்ந்தனர். பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் யானிஸ் 50 புள்ளிகள் பெற்றார்.

டலஸின் கதை முடிந்தவிதம் யாவரும் அறிந்ததே. 2025 ஏப்பிரலில் எதிரணி வீரராகத் திரும்பிவந்த டொன்சிச், தம்மைப் பற்றிய படக்காட்சியைக் கண்டு கண்ணீர் சிந்தினார். பின் 45 புள்ளிகள் பெற்று அவ்வணியைத் தோற்கடித்தார். அவரைப் பெற்ற லேக்கர்ஸும் அவ்வாண்டு முதற்சுற்றிலேயே வீழ்ந்தது என்பர். உண்மை, பருவத்தின் நடுவே பிடுங்கி நடப்பட்ட மரம் மறுமாதமே காய்ப்பதில்லை. 1.8 சதவீத வாய்ப்பே இருந்த குலுக்கலில் டலஸுக்கு முதலிடம் வாய்த்து, கூப்பர் ஃபிளாக் என்னும் இளைஞர் கிடைத்தமையைக் காட்டி, கைமாற்றம் நன்மையிலேயே முடிந்தது என வாதிடுவோரும் உளர். குலுக்கற் சீட்டில் பரிசு விழுந்தமையால் வீட்டை விற்றது விவேகமாகிவிடாது. 2025 நவம்பரில் ஹரிசன் பதவி நீக்கப்பட்டார். அரங்கில் மாதக்கணக்கில் அதனைக் கோரி முழங்கிய சாதாரண மக்கள், தீர்மானம் எடுக்கப்பட்ட மேசையில் இடம்பெறாதவர்கள். தீர்மானத்தின் விலையைச் செலுத்தியவர்களோ அவர்களே.

பட்டம் வெல்லாதமைக்கு வீரனைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அவன் களத்தில், எல்லோர் கண்முன்னும் நிற்கின்றான். நிர்வாகியோ கண்ணாடி அறையுள் அமர்ந்திருக்கின்றான். விளையாட்டைப் பற்றி எழுதுவோரின் கடமை அவ்வறையின் கதவைத் திறந்து காட்டுவதேயாகும்.