வாடும் பூவே வாசலுக்கு அலங்காரம்

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுகிறவர்கள் பாரம்பரியக் கலைப்பொருள்களால் கூடத்தை அலங்கரிக்க ஆசைப்படுவது கடலூரிலும் சிதம்பரத்திலும் இப்போது பெருகி வருகிறது. சுவாமிமலையில் வார்த்த வெண்கல நடராஜர், தஞ்சாவூர்ப் படம், ராஜஸ்தானத்துப் பாவை, ஒடிசாவின் பட்டச்சித்திரம் என்று எட்டுத் திசைகளிலிருந்தும் வந்தவை விளக்குப் பொருத்திய கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நிற்க, அதே வீட்டின் தலைவாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும், பூஜையறைப் படங்களில் பிளாஸ்டிக் சாமந்தி மாலையும், வாசற்படியில் ஸ்டிக்கர் கோலமும் வருஷம் முழுவதும் தூசி படிந்து கிடக்கின்றன. அலமாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. நல்ல கலைப்பொருளை உரிய விலை கொடுத்து வாங்குகிறவர் எங்கோ ஒரு கைவினைஞர் குடும்பத்தின் ஜீவனத்துக்குத் துணை செய்கிறார். வாசலைப் பார்க்கும்போதுதான் துக்கம் உண்டாகிறது.

நமது பிரதேசத்து வீட்டலங்காரத்தின் லட்சணமே அது நிலைத்திராமல் திரும்பத் திரும்பப் புதிதாவதில் அடங்கியிருக்கிறது. விடியற்காலையில் இட்ட மாக்கோலம் எறும்புக்கும் அணிலுக்கும் ஆகாரமாகி மாலைக்குள் கரைந்துவிடுகிறது. மார்கழியில் சாண உருண்டையின் மேல் செருகிய பூசணிப்பூ வெயில் ஏறியதும் துவண்டுவிடுகிறது. தென்னங்குருத்துத் தோரணம் இரண்டொரு நாளில் பழுத்துக் காய்கிறது. கார்த்திகை அகல் எண்ணெயூறிக் கறுத்து, மறு வருஷம் புது அகலுக்கு இடம் விடுகிறது. இவற்றின் அழகு இந்த அநித்தியத்தோடு பிறந்தது என்பது ஒரு புறமிருக்க, இவற்றைச் செய்து தருகிறவர்களின் அன்றாடச் சோறும் அதே அநித்தியத்தில்தான் இருக்கிறது என்பதை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

கொள்ளிடக் கரையோரத்துக் கிராமங்களில், சிதம்பரத்துக்குத் தெற்கே, முல்லையும் காக்கட்டானும் பயிராகின்றன. மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால் விடியுமுன்பே வயலில் இறங்கும் பெண்களில் தொடங்கி, பூவை மூட்டை கட்டிப் பஸ்ஸில் ஏற்றுகிறவர், மொத்த வியாபாரி, தேரோடும் வீதி ஓரத்தில் உட்கார்ந்து வாழைநாரில் கண்ணிகண்ணியாகத் தொடுத்து முழம் போட்டு விற்கும் மூதாட்டி வரையில் எத்தனை பேருடைய கைகளைக் கடந்து அந்தச் சரம் நம் வீட்டுக்கு வருகிறது! கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் இந்தத் தாழ்ந்த படுகை நிலங்களே. ஒரு பிளாஸ்டிக் மாலையை ஒருமுறை வாங்கி மாட்டுகிற குடும்பம், அது கிழிந்து விழும் நாள் வரையில் இந்தச் சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரிடமும் “இனி நீ வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறது. வைத்தியன் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் அப்படிச் சொல்லப்படும்போது, அதைச் சிக்கனம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

பொம்மையின் கதையும் இதுவே. கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. அச்சில் அழுத்தி எடுத்து, நிழலில் உலர்த்தி, வெள்ளை பூசி, வர்ணம் தீட்டி, கடைசியாகக் கண் திறக்கும் வரையில் பல கைகள் பாடுபடும் வேலை அது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பழைய பொம்மைகளோடு புதிதாக ஒன்றாவது சேர்க்க வேண்டும் என்று வகுத்த சம்பிரதாயத்தில் எவ்வளவு ஆழ்ந்த கருணை இருக்கிறது! குயவனுக்கும் வர்ணக்காரனுக்கும் அடுத்த வருஷமும் வேலை உண்டு என்னும் உறுதியை ஒரு பண்டிகையின் விதிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களின் அகல் விளக்குகளும் சிறு பொம்மைகளும் இதே மாவட்டத்தில் கிடைக்கும்போது, தூர தேசத்து இயந்திர விளக்குச் சரத்தை மட்டும் தீபாவளிக்கு வாங்குவது நியாயமாகப் படவில்லை.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, கடலூரையும் பரங்கிப்பேட்டையையும் சுற்றியிருந்த நெசவு. நீலச்சாயம் தோய்த்த துணியும், எழுதுகோலால் வரைந்து சாயமேற்றிய பூந்துணியும் இந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறின. கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியைப் பதப்படுத்தி, வெல்லத்திலும் துருப்பிடித்த இரும்பிலும் ஊறிய கறுப்பு மையால் கோடிழுத்து, படிகாரம் பூசிய இடங்களில் இம்பூறல் என்னும் சாயவேரின் சிவப்பை ஏற்றும் அந்த வித்தை, எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் போகாத துணியை உலகத்துக்குத் தந்தது. ஐரோப்பியச் சீமான்கள் அதைக் கட்டில் திரையாகவும் சுவர்த் திரையாகவும் தொங்கவிட்டார்கள். உள்நாட்டு நெசவாளர்களின் கூக்குரல் தாங்காமல் பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1700-லும் இந்தியப் பூந்துணிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றும் அளவுக்கு அந்த மோகம் முற்றியது. உலகமே வாங்கித் தன் வீட்டை அழகுசெய்துகொண்ட துணிக்கு, அது பிறந்த கரையிலேயே இன்று ஜன்னல் கிடைப்பதில்லை.

ஆயினும் அந்த வித்தை அடியோடு அழிந்துவிடவில்லை. கொள்ளிடத்துப் பக்கம் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயில் விதானங்களுக்கும் தேரில் தொங்கும் தொம்பைகளுக்கும் துணியில் எழுதும் மரபு பிழைத்திருக்கிறது. கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியிலோ கைத்தறியில் கட்டம் போட்ட லுங்கி நெய்கிறார்கள். விசைத்தறி லுங்கியின் மலிவுக்கு முன்னால் அந்தத் தறிகள் திணறுகின்றன. அதே கட்டத் துணியை ஜன்னல் திரைக்கும் மேஜை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் ஏற்ற அகலத்தில் நெய்து தரச் சொல்லி நாம் கேட்டால் என்ன? பருத்தித் திரை நான்கைந்து வருஷத்தில் நைந்துவிடும் என்று ஆட்சேபிப்பார்கள். நையட்டும், நைந்தால்தான் தறி மறுபடி ஓடும்.

வேறொரு ஆட்சேபம் உண்டு, அது கனமானது. கோலமிடுதலும் பூத்தொடுத்தலும் விளக்குத் துலக்குதலும் இதுகாறும் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுந்தன. காலை எட்டு மணிக்கு பஸ் பிடித்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இவையெல்லாம் மேலும் ஒரு சுமை அல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வி முழுக்க நியாயமானது. அதற்கு விடை ஸ்டிக்கர் அல்ல. புருஷர்களும் பிள்ளைகளும் இந்த வேலையில் பங்கு கொள்வதே. மாவிலை பறித்துக் கோத்துக் கட்டுவதற்கும் அகலில் திரி போடுவதற்கும் ஆண் பெண் என்ற பேதம் எதுவும் இல்லை. தினந்தோறும் இயலாதென்றால் வெள்ளிக்கிழமையும் பண்டிகையும் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முதலில் வீட்டில் இடம் வேண்டும். கடலூரின் புதிய தெருக்களில் வாகனம் ஏறுவதற்காக வாசற்கதவிலிருந்து சாலை வரைக்கும் ஓடு பதித்துச் சரித்துவிடுகிறார்கள். அந்தச் சரிவில் கோலமாவு நிற்பதில்லை. நிலைக்கு மேலே ஆணிகூட இல்லை, விளக்கு மாடம் இல்லை, கொலுப் படி வைக்கச் சுவரோரத்தில் நாலடி இடம் இல்லை. ஆகையால் வீடு கட்ட வரைபடம் போடும் பொறியாளர்களிடமும் மேஸ்திரிகளிடமும் என் வேண்டுகோள் இது: வாசலில் ஐந்தடிச் சதுரம் சமதளமாக விடுங்கள், நிலையின் இரு பக்கமும் தோரணத்துக்குக் கொக்கி வையுங்கள், கதவின் பக்கவாட்டில் காற்றுப் படாத மாடம் ஒன்று கட்டுங்கள். கட்டச் சொல்கிறவர்கள் மறந்தாலும், கைச்சாத்துப் போடுமுன் நீங்களே கேட்டுவிடுங்கள்.