தொட்டி வாங்குமுன் சருகைச் சேருங்கள்

இயற்கை உழவுக்குள் புதிதாக வரும் நண்பர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வீட்டுக் கழிவையும் கோழி எச்சத்தையும் மட்க வைக்க எந்தத் தொட்டி வாங்கலாம்ங்க?"

நல்ல கேள்விதான். வெளியிலிருந்து உரம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தவர்தான் இதைக் கேட்பார். ஆனால் அதற்குள்ளேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உர மூட்டையை விட்டவர், உரம் செய்யும் தொட்டிக்காக மறுபடி கடைக்குப் போகிறார். தொட்டியோடு நுண்ணுயிர்ப் பொடியும் நாற்றம் போக்கும் திரவமும் சேர்ந்து வரும். தீர்ந்துபோனால் திரும்ப வாங்கணும். ஒரு கடை வாசலை விட்டுவிட்டு அடுத்த கடை வாசலில் போய் நிற்பதற்குப் பெயர் தற்சார்பு இல்லை.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழி வளர்க்கும் வீட்டுக்குத் தொட்டி கடைசித் தேவை. முதல் தேவை சருகு.

எச்சத்தின் கணக்கு

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் ஈர எச்சம் போடும். அதில் பாதி, இரவில் கூண்டில் அடையும்போது விழுவது. பத்துக் கோழி இருந்தால் தினமும் அரை கிலோ நம் கைக்கு வரும். மீதிப் பாதி மேய்கிற இடத்திலேயே மண்ணுக்குப் போய்விடும்.

கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வேறொன்றுமில்லை, நம் பயிருக்குப் போகவேண்டிய தழைச்சத்து காற்றில் போகிறது. நாற்றத்தை மறைக்க எதையாவது தெளிப்பதில் என்ன பயன்? போகிற சத்தைப் பிடித்து வைக்கணும்.

பிடித்து வைப்பது கரிமம். நன்றாக மட்க, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் வேண்டும். கோழி எச்சத்தில் இது பத்துப் பங்கைத் தாண்டுவது அரிது. காய்கறிக் கழிவில் 15 முதல் 20 வரை இருக்கலாம். ஆக, நம் வீட்டில் சேரும் இரண்டு கழிவுமே ஒரே பக்கம் சாய்ந்தவை. இரண்டையும் கலந்து எவ்வளவு விலையுயர்ந்த தொட்டியில் போட்டாலும் நாறத்தான் செய்யும். சருகு, வைக்கோல், தென்னை நார்க்கழிவு, கடலைத் தோல் இவைதான் அந்தக் குறையை நிரப்பும். கூடைக் கணக்கில் சொன்னால், ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த பொருள்.

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும்போது ஊரெல்லாம் கூட்டிப் பெருக்கித் தீ வைக்கிறார்கள். அந்த நேரத்தில் இருபது சாக்குச் சருகைச் சேர்த்து மழை படாமல் வைத்தவருக்கு, பாதி வேலை முடிந்த மாதிரி. தொட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் பழைய சாக்கு வாங்குங்கள்.

கூண்டின் தரையே முதல் தொட்டி

கூண்டின் தரையில் அரை அடி உயரத்துக்கு உமியோ, கடலைத் தோலோ, நார்க்கழிவோ பரப்பிவிட்டால் எச்சம் விழும்போதே கலந்துவிடும். கோழியே கிளறும். நாம் செய்யவேண்டியது, ஈரம் தெரிகிற இடத்தில் மேலும் ஒரு கூடை போடுவது மட்டும்தான்.

கூண்டுத் தரையில் சாம்பலும் சுண்ணாம்பும் தூவும் பழக்கம் நம்மிடம் உண்டு. செள்ளும் பேனும் அண்டாது என்பார்கள். ஆனால் இரண்டுமே காரத்தன்மை உள்ளவை. எச்சத்தோடு சேர்ந்தால் அம்மோனியாவை இன்னும் வேகமாக விரட்டிவிடும். கோழி புரள்வதற்குச் சாம்பல் வேண்டுமென்றால் வெளியே தனியாக ஒரு குழியில் போட்டு வையுங்கள்.

சமையலறைக் கழிவிலும் பெரும்பகுதி முதலில் கோழிக்குத்தான். கீரைத்தண்டு, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் முட்டையாகத் திரும்பி வரும். பூஞ்சணம் பிடித்ததையும் உப்பு மிகுந்ததையும் கொடுக்கக்கூடாது. வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, புளிச் சக்கை போன்றவைதான் மட்குக்கு மிஞ்சும். கோழி அறுத்த குடல், இறகு, செத்த கோழி இவற்றைக் குவியலில் போட்டால் நாயும் கீரியும் இழுத்துப் போடும். அவற்றைக் கிணற்றை விட்டுத் தள்ளி இரண்டடி ஆழத்தில் புதைத்து மண் மூடுவதே நல்லது.

சூடுதான் முக்கியம்

சரி, பிறகு எதில் மட்க வைப்பது? இங்கே ஒரே ஒரு அளவுகோல்தான்: அது சூடாகுமா?

கோழி எச்சத்தில் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம். பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கும் தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் அரைகுறையாக மட்கியதைப் போடுவது நம் பிள்ளைகளோடு விளையாடுவது. நஞ்சில்லா உணவு என்று சொல்லிக் கொடுக்கிறோம். அதில் நோயும் இருக்கக்கூடாது அல்லவா? அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் இதில் கறாராக இருக்கின்றன. திறந்த வரிசைக் குவியல் என்றால் 55 டிகிரிக்குக் குறையாத சூடு 15 நாள் இருக்கவேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்டவேண்டும். மட்காத எச்சத்தை இட்டால், மண்ணைத் தொட்டு விளையும் காய்களுக்கு அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி. நமக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். அதன் பின்னால் இருக்கும் காரணம் வேண்டும்.

சூடு நிற்பதற்குக் குவியல் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் இருக்கணும், அதாவது மூன்றேகால் அடி நீளம், அகலம், உயரம். கடையில் கிடைக்கும் 50 லிட்டர், 100 லிட்டர், 200 லிட்டர்த் தொட்டிகளில் அந்த உடம்பு இல்லை. சூடு ஏறினாலும் பக்கவாட்டில் இறங்கிப்போகும். சுழற்றும் உருளைத் தொட்டி பார்க்க வசதிதான். நிறைந்த பிறகு சுழற்றிப் பாருங்கள், கை விட்டுப்போகும். ஈர எச்சம் அதில் உருண்டை உருண்டையாகத் திரண்டு, உள்ளே மட்காமலே கிடக்கும். கோழி இல்லாத நகர வீட்டுக்கு, காய்த்தோலுக்கு மட்டும் என்றால், அடுக்கு மண்பானையே போதும். அதை நான் குறை சொல்லவில்லை. கோழி உள்ள வீட்டுக்கு அது காணாது.

கம்பி வலை வளையம்

நான் பரிந்துரைப்பது இதைத்தான். 4 அடி உயரமுள்ள கம்பி வலை 12 அடி நீளம் வாங்கி வட்டமாக வளைத்துக் கட்டினால் ஒரு கன மீட்டருக்கு மேல் பிடிக்கும். இரண்டு வளையம் போதும். எலி, பெருச்சாளி வராமல் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள வலை விரிக்கலாம். மூங்கில் தட்டியோ, பழைய செங்கலை இடைவெளி விட்டு அடுக்கியதோ இருந்தால் வலைகூட வேண்டாம்.

முதல் வளையத்தில் அன்றாடச் சமையலறைக் கழிவு. ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை சருகு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூண்டுத் தரையை வாரும் நாளில், இதையும் அதையும் வைக்கோலையும் பச்சைத் தழையையும் கலந்து, தண்ணீர் தெளித்து, இரண்டாவது வளையத்தை ஒரே நாளில் நிரப்புங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சூடு ஏறாது. ஒரே மூச்சில் நிரப்பினால்தான் ஏறும். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகக்கூடாது. மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சிறிது நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. முதல் மூன்று வாரத்தில் நான்கைந்து முறை, வெளியே உள்ளது உள்ளே போகும்படி புரட்டணும். வளையத்தைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தி அதிலேயே திரும்ப அள்ளிப் போட்டால் புரட்டல் முடிந்தது. சூடு தணிந்த பின் நிழலில் குவித்து ஓலை மூடி ஆறவிடுங்கள். மண்புழு விடுவதானால் அதற்குப் பிறகுதான். பச்சை எச்சத்தின் அம்மோனியாவில் புழு பிழைக்காது.

ஆல்பர்ட் ஹோவார்ட் இந்தூரில் இருந்தபோது வறண்ட காலத்தில் குழியிலும் மழைக்காலத்தில் தரைமேல் குவியலாகவும் மட்க வைத்தார். நம் ஐப்பசி மழைக்கும் அது பொருந்தும். குழியில் தண்ணீர் நின்றால் சத்தெல்லாம் கரைந்து போகும்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட மட்கும் குவியலைத்தான். புரட்டும்போது வெள்ளையாகச் சுருண்ட தடித்த புழு தெரிந்தால் கோழியை அவிழ்த்து விடுங்கள். பத்து நிமிடத்தில் பொறுக்கி முடித்துவிடும். மூடிய தொட்டியில் இந்த உதவி கிடைக்காது.

யார் சுமக்கிறார்கள்?

கடைசியாக, தொட்டி பற்றிய பேச்சில் யாரும் கேட்காத கேள்வி. தினமும் அந்தக் கழிவைக் கொண்டுபோய்க் கொட்டுவது யார்? பெரும்பாலான வீடுகளில் பெண்கள்தான். வளையத்தைத் தோட்டத்தின் கோடியில் வைத்துவிட்டு, "கொட்டவே மாட்டேங்கறாங்க" என்று குறைப்படுவது நியாயமில்லை. சமையலறைக்கும் கூண்டுக்கும் நடுவில், நிழலில், மழையிலும் நடந்து போகக்கூடிய இடத்தில் வையுங்கள். இடத்தை அவர்களே சொல்லட்டும். புரட்டுவதை ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

எந்தத் தொட்டி என்று இனி யாராவது கேட்டால் மூன்று கேள்வி திருப்பிக் கேளுங்கள். எத்தனை கோழி? எத்தனை சாக்குச் சருகு? புரட்டப் போவது யார்? இந்த மூன்றுக்கும் பதில் இருப்பவருக்குத் தொட்டி ஒரு பொருட்டே இல்லை.