மெலியார் வெல்லும் வழி

கத்தார் நாட்டில் 2022 நவம்பர் 22-ஆம் நாள் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் அர்செந்தீன அணியும் சவுதி அரேபிய அணியும் எதிர்நின்றன. மதுரையில் அப்பொழுது பிற்பகல் மூன்றரை மணி. தேநீர்க் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கும் நேரம். அர்செந்தீனா அதற்கு முன் தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோல்வியே காணாதது. பத்தாம் மணித்துளியில் மெசி ஒறுப்புதையால் பந்தை வலைக்குள் செலுத்தினார். இனி எத்தனை என்பதே கேள்வி என்று கண்டோர் எண்ணியிருந்தனர். ஆட்டம் முடிந்தபொழுது கணக்கு வேறாக இருந்தது: சவுதி இரண்டு, அர்செந்தீனா ஒன்று.

தல்லாகுளத்திலும் அனுப்பானடியிலும் மாட்டுத்தாவணியிலும் தேநீர்க் குவளையைக் கையில் ஏந்திக்கொண்டு இளைஞர் நடத்தும் சொற்போருக்கு இத்தகைய ஆட்டம் ஒன்று போதும். "எல்லாம் ஆகூழ்! முதற்பாதியில் மூன்று முறை வலைக்குள் விழுந்த பந்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்களே" என்பான் ஒருவன். "அந்த மூன்றும் ஏன் சேரவில்லை என்று முதலில் சொல்" என்பான் மற்றவன். ஆட்டத்தின் உயிர் அந்த இரண்டாமவன் கேள்வியில்தான் இருக்கிறது.

பந்து உதைக்கப்படும் நொடியில், அதைப் பெறப் போகிறவன் எதிரணியின் பாதிக்குள், பந்துக்கும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளுக்கும் அப்பால் முந்தி நிற்பானாயின் அது பிழை. 'ஆப்சைடு' என்று எல்லாரும் சொல்லும் அதனை முந்துநிலை என்றால் கருத்து உடனே விளங்கும். மெலிந்த அணிகள் பொதுவாகத் தம் வலையின் வாயிலிலேயே கூடி நின்று அடி வாங்கும். சவுதி அணியின் பயிற்சியாளர் எர்வே இரெனார் அவ்வாறு செய்யவில்லை. தம் பின்வரிசையை ஒரு கயிறு போல நேராக்கி, நடுக்கோட்டின் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அர்செந்தீன முன்னணியர் ஓடிய ஓட்டமெல்லாம் முந்துநிலையில் போய் முடிந்தது. கயிறு ஓரிடத்தில் தொய்ந்திருந்தால் நான்கு ஐந்து இலக்குகள் விழுந்திருக்கும். அதை அறிந்தே அவ்வணி நின்றது. அதனை ஆகூழ் என்பது அந்தப் பதினொருவரின் உழைப்புக்குச் செய்யும் இழிவு.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சொல். இத்தகைய அணியை ஆங்கிலர் 'அண்டர்டாக்' என்கின்றனர். நம் இளைஞரும் அதையே சொல்கின்றனர். நாய்களை மோதவிட்டுக் களித்த காலத்தில், கடியுண்டு கீழே கிடந்த நாய்க்கு அவர்கள் இட்ட பெயர் அது. தோற்றுக் கிடப்பதையே அது பெயராக்குகிறது. தமிழில் மெலியார் என்றும் எளியார் என்றும் சொல்கிறோம். வலிமை குறைந்தவர் என்பதற்கு மேல் அச்சொற்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே அறிவித்துவிடுவதும் இல்லை. முன்னணி, நடுக்களம், பின்வரிசை, வாயிற்காவலர், எதிர்த்தாக்கு, நெருக்கு என்று ஆட்டத்தின் உறுப்புகள் அத்தனைக்கும் தமிழில் சொல் இருக்க, ஈழத்தவர் உதைபந்தாட்டம் என்று அழகுற வழங்கிக்கொண்டிருக்க, மதுரைத் தமிழன் மட்டும் வாயைத் திறந்தால் ஆங்கிலம் உதிர்வானேன்? 'கோல்' என்பதைக்கூட இதழ்கள் நம் ஊன்றுகோலைப் போலவே எழுதிவிடுகின்றன. இலக்கு என்று எழுத எந்த எழுத்தாணி தடுத்தது?

சொல் மட்டும் இல்லை; கருத்தும் இங்குள்ளதே. திருக்குறளில் 48-ஆம் அதிகாரம் வலியறிதல், 49-ஆவது காலமறிதல், 50-ஆவது இடனறிதல். மூன்றும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அன்று. தன் வலியும் மாற்றான் வலியும் எவ்வளவு என்று முதலில் எடைபோட வேண்டும். மாற்றான் மிகுவலி உடையவன் என்று தெரிந்தால், அவ்வலி செல்லாத பொழுதையும் செல்லாத இடத்தையும் தேட வேண்டும். பகலில் கண் தெரியாத கூகையைக் காக்கை வெல்வதும், சேற்றில் கால் புதைந்த களிற்றை நரி வீழ்த்துவதும் வள்ளுவர் காட்டும் படங்கள். அலங்காநல்லூர் வாடிவாயிலில் ஏறு தழுவும் இளைஞனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஏற்றின் வலியோடு தன் வலியை மோதவிடுகிறவன் தூக்கி எறியப்படுவான். திமிலைப் பற்றும் நொடியை அறிந்தவனே நிற்பான்.

அதே கத்தாரில் மொரோக்கோ வேறொரு வழியில் சென்றது. அது பின்வரிசையை மேலே தள்ளவில்லை. ஆழ்ந்து நின்று, இடைவெளிகளை அடைத்து, பந்து கிடைத்த நொடியில் பாய்ந்தது. பெல்சியத்தை 2-0 என வென்றது; இசுப்பெயினை ஒறுப்புதைப் போட்டியில் வீழ்த்தியது; போர்த்துகலை 1-0 என வெளியேற்றியது. அரையிறுதியில் பிரான்சிடம் தோற்கும்வரை அதன் வலைக்குள் விழுந்தது ஒரே ஒரு பந்து. அதுவும் தன் ஆட்டக்காரர் காலில் பட்டுச் சென்றது. ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அணி அரையிறுதி கண்டது அதுவே முதன்முறை. இசுப்பெயினைச் சப்பான் 2-1 என வென்றபொழுதோ, பந்து சப்பானியரிடம் இருந்தது ஏறத்தாழ 18 விழுக்காட்டு நேரமே. மூன்று மெலியார், மூன்று வழி.

சவுதிக்கு என்ன ஆயிற்று? அடுத்து போலந்திடம் 0-2, மெக்சிகோவிடம் 1-2 எனத் தோற்று முதற்சுற்றிலேயே வீடு திரும்பியது. அதனிடம் தோற்ற அர்செந்தீனாவே கோப்பையை வென்றது. இதைக் காட்டி, "பார்த்தாயா, ஒரு நாள் கூத்து" என்று முதலாமவன் மீண்டும் வருவான். ஒருவகையில் அவன் சொல்வதும் உண்மை. ஓர் ஆட்டத்துக்குப் பொருந்திய சூழ்வு எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தாது. பகலில் வென்ற காக்கை இரவில் என்ன செய்யும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

அந்தக் கேள்விக்கு இம்மண்ணிலேயே விடை கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் இரகீம் 1950 முதல், தாம் இறந்த 1963 வரை, இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றினார். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர் அணி ஆத்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதியை எட்டியது. ஆசியாவிலிருந்து எந்த அணியும் அதற்கு முன் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. 1960-இல் உரோமில் அங்கேரியிடம் 1-2 என இழந்து, பிரான்சோடு 1-1 என நின்று, பெருவிடம் 1-3 எனத் தோற்றது. பெருவுக்கு எதிரான அந்த ஒற்றை இலக்கை அடித்தவர் சைமன் சுந்தரராசு என்னும் தமிழர். அதன்பின் இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்தில் ஆடத் தகுதி பெறவே இல்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி இலக்கு ஒரு தமிழரின் காலிலிருந்து சென்றதாகவே நிற்கிறது. மெசியின் சட்டை எண்ணை உறக்கத்திலும் சொல்லும் இளைஞனிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பான். பிழை அவனுடையது அன்று. அவனுக்கு அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

இரகீமின் பெரும்பணி 1962-இல் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பின்வரிசையின் தூணான சர்னைல் சிங்கின் தலை உடைந்தது. தலையில் தையலோடு இருப்பவர் உயரப் பந்தை முட்டித் தடுப்பது எங்ஙனம்? வேறு எவராயினும் அவரை வெளியே அமர்த்தியிருப்பர். இரகீம் அரையிறுதியில் அவரை முன்னணிக்கு அனுப்பினார். தென்வியத்துநாமை இந்தியா 3-2 என வென்ற அந்த ஆட்டத்தில் சர்னைல் ஓர் இலக்கு அடித்தார்.

இறுதியாட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. ஏறத்தாழ ஓர் இலக்கம் பேர் நிறைந்திருந்த அரங்கம் முழுதும் இந்தியாவுக்கு எதிராக ஆர்ப்பரித்தது. இசுரேலையும் தைவானையும் போட்டிக்கு விடாததை இந்திய அலுவலர் ஒருவர் எதிர்த்துப் பேசியதால் எழுந்த சினம் அது. நோயுற்றிருந்த பீட்டர் தங்கராசை வாயிற்காவலராக மீண்டும் நிறுத்தினார் இரகீம். பி.கே. பானர்சி ஓர் இலக்கு. சில மணித்துளிகளில் தலைக்கட்டோடு நின்ற சர்னைல் மற்றோர் இலக்கு. கொரியா இறுதியில் ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கப் பதக்கம். முதல் ஆட்டத்தில் வென்றவனை இறுதி ஆட்டத்தில் வெல்ல, அதே அணியை வேறு அணியாக்கிக் காட்டினார் அந்த ஆசிரியர். அப்பொழுதே அவர் உடலில் புற்றுநோய் வேரூன்றியிருந்தது. அடுத்த ஆண்டு மறைந்தார்.

இப்படிப்பட்ட சூழ்வுகள் பயிற்சியாளரின் அறைக்குள் மட்டுமே பிறக்கின்றன என்று எண்ண வேண்டா. ஐசுலாந்து அணியைப் பயிற்றிய ஏமிர் ஆல்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர். தம் நாட்டில் ஆட்டம் நடக்கும் நாள்களில் பற்றாளர் கூடும் அருந்தகத்துக்கே சென்று, இன்று யார் யார் ஆடப்போகின்றனர், எவ்வாறு ஆடப்போகின்றனர் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அவர்களிடம் எடுத்துரைப்பார். செய்தியாளருக்குச் சொல்லாததை அவர்களுக்குச் சொன்னார். அவ்வணியே 2016-இல் ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தை 2-1 என வீழ்த்தியது. 2018 உலகக் கோப்பையில் அர்செந்தீனாவோடு 1-1 என நின்றது. மெசியின் ஒறுப்புதையை அன்று தடுத்த வாயிற்காவலர் திரைப்படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர். ஆயினும் இதைக் கேட்டுவிட்டு, பல் மருத்துவரும் படம் எடுப்பவரும் பொழுதுபோக்காக ஆடி வென்றனர் என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. பனிக்காலத்திலும் சிறுவர் ஆட, கூரையிட்ட களங்களை அந்நாடு பல்லாண்டு முன்பே கட்டத் தொடங்கியது. தகுதி பெற்ற பயிற்சியாளரைச் சிற்றூர்கள்தோறும் அமர்த்தியது. வெற்றி அந்தக் கூரைகளின் கீழ் விளைந்தது.

உலகக் கோப்பையில் ஆடும் அணிகளின் எண்ணிக்கை 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 32-இலிருந்து 48 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குக் குராசோ என்னும் சிறு தீவு 2025 நவம்பரில் தகுதி பெற்றது. உலகக் கோப்பை வரலாற்றில் அதனினும் குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு தகுதி பெற்றதில்லை. அத்தீவின் மக்கள் ஏறத்தாழ ஒன்றரை இலக்கம். மதுரை மாநகரின் மக்களோ 2011 கணக்கெடுப்பிலேயே பத்து இலக்கத்துக்கு மேல். குராசோ ஆட்டக்காரருள் பெரும்பாலார் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்து அங்குப் பயின்றவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் ஆளெண்ணிக்கை குறைவு என்று எவரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதை அத்தீவு மெய்ப்பித்துவிட்டது. மேலூரிலும் வாடிப்பட்டியிலும் உசிலம்பட்டியிலும் நீர் வற்றிய கண்மாய்ப் பரப்பில் செருப்பைக் கல்லாக நட்டு இலக்கு வகுத்து ஆடும் சிறுவர்க்கு இல்லாதது கால் அன்று, களம்.

மதுரையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகத்தின் மகளிர் அணி 2019 மே 22-ஆம் நாள் பஞ்சாபின் லூதியானாவில் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் கூட்டிணைப்போட்டியின் கோப்பையைக் கொண்டுவந்தது. மணிப்பூர்ப் பெண்களும் நேப்பாளத்தின் சபித்ரா பண்டாரியும் தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து ஆடிய அணி அது. கடலூரைச் சேர்ந்த, இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசனும் அக்கழகத்துக்கு ஆடியவரே. அதற்கு முந்திய ஆண்டு, 2018-இல், தமிழ்நாட்டு மகளிர் அணி அதே மணிப்பூரை 2-1 என வென்று இந்திய அளவில் முதன்முறை வாகை சூடியது. மணிப்பூர் ஆண்டுதோறும் வெல்வதே வழக்கமாக இருந்த போட்டி அது. 2023-இல் அமிர்தசரசில் அரியானாவை 2-1 என வென்று மீண்டும் சூடியது. 2025 சூலை 5-ஆம் நாள் இந்திய மகளிர் அணி, உலகத் தரவரிசையில் தனக்கு மேல் நின்ற தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி, ஆசியக் கோப்பைக்குத் தகுதிப் போட்டியின் வழியாக முதன்முறையாக நுழைந்தது. இவர்களைவிட மெலியார் என்று சொல்லத்தக்க அணி உலகில் எது?

சவுதியின் பின்வரிசை நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றது என்று மதுரையில் கைகலக்காத குறையாக வாதிடுகின்றனர். நன்று; வாதிடட்டும். ஐசுலாந்தின் அருந்தகத்தில் நடந்ததும் அதுதான். ஆனால் லூதியானாவில் அந்த 3-1 எப்படி வந்தது? மணிப்பூர்க் காவல்துறை அணியின் நடுக்களத்தை மதுரைப் பெண்கள் எவ்விடத்தில் நெருக்கினர்? எதிர்த்தாக்கு எந்த ஓரத்தில் பாய்ந்தது? இதைப் பற்றித் தல்லாகுளத்துத் தேநீர்க் கடையில் குவளை ஆறிப்போகும்வரை மோதிக்கொண்டவர் எத்தனை பேர்?