142 அடி நின்றால் ஆறு நலமா?

கம்பம் பள்ளத்தாக்கில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் தேடுவது பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத்தான். அணையில் 142 அடி நின்றுவிட்டால் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றைப் பற்றிக் கவலையில்லை என்பது கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை ஊறிப்போன பேச்சு. அந்த மட்டம் வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அணை நிறைந்ததாலேயே ஆறு நலமாகிவிட்டது என்பதை ஏற்க முடியாது.

“தண்ணி வந்தா ஆறு பிழைச்சுக்கும்” என்கிறார்கள். வருகிற விதத்தைப் பாருங்கள். ஜூனில் முதல் போகத்துக்குத் திறக்கும்போது பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100 என விநாடிக்கு 300 கன அடி. வைகை அணைக்குத் தேவைப்பட்டால் ஆயிரத்தைத் தாண்டும். கோடையில் பல நாள் அந்த 100 மட்டுமே. லோயர்கேம்ப் மின்நிலையம் நின்று, தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக இறங்கும். ஷட்டர் ஏறி இறங்குவதுதான் இந்த ஆற்றின் பருவம். கரையோரப் புல்லில் முட்டையிட்ட மீன் அரசாணையை அறியுமா? மட்டம் இறங்கினால் முட்டை காய்ந்துபோகும்.

“ஓடுற தண்ணி அழுக்கைக் கொண்டுபோயிரும்” என்பது இன்னும் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. பாதி உண்மையும்கூட. சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். தின்னும்போது ஆற்றுநீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். ஆயிரம் கன அடி ஓடும்போது அந்த இழப்பு தெரியாது. கோடையில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ச் சாக்கடைகள் குறைவதில்லை, ஆறு மட்டும் சுருங்குகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் தங்குவதும் குறைவு. கழிவு தீர்ந்த பிறகும் அதிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன, பாசிக்கு உரமாகின்றன. பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் தானும் சேர்ந்து உறிஞ்சும். பாசி மண்டிய மடுவில் விடியற்காலை நின்று பாருங்கள்: மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். துள்ளி விளையாடுவதாகச் சொல்வார்கள். மூச்சுத் திணறுகிறது, அவ்வளவுதான். இதையும் தாங்கிப் பெருகுவது ஜிலேபிக் கெண்டை. அது நிறையக் கிடைப்பதை ஆற்றின் நலத்துக்குச் சான்றாகக் காட்டுவது வேடிக்கை.

“இங்கே சாயப்பட்டறை இல்லை, நொய்யல் கதை வராது” என்பது அடுத்த ஆறுதல். நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறை இங்கே இல்லைதான். ஆனால் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை மருந்தில்லாமல் காய்ப்பதில்லை. அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும். மயில்துத்தத்திலுள்ள தாமிரம் மக்காமல் மண்ணிலும் வண்டலிலும் சேரும். மருந்தடித்த டிரம்மை வாய்க்காலில் அலசிக் கவிழ்த்தால் அந்த நீர் வடிந்து சேருமிடம் ஆறுதான். விவசாயியை மட்டும் குறைசொல்ல இதை எழுதவில்லை. டிரம் கழுவ வேறு இடம் யாரும் காட்டவில்லை.

“போற தண்ணி போகட்டும்” என்றும் சொல்வதுண்டு. போய்ச் சேருவது வைகை அணை. அது பல ஊர்களின் குடிநீர்.

லோயர்கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் குழாயில் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை இங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். பாசனம் கெடும் என்ற அவர்களது அச்சத்தோடு இன்னொன்றையும் சேர்க்கலாம்: தலைப்பிலேயே நீர் குழாய்க்குள் போனால், கூடலூருக்குக் கீழே சாக்கடையைக் கரைக்க மிஞ்சும் நீர் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் சாக்கடையைச் சுத்திகரித்து விடு என்று நகராட்சிகளிடம் கேட்காத ஊர் இந்த வாதத்தை எடுத்தால், எதிர்த்தரப்பு முதலில் திருப்பிக் கேட்பது அதைத்தான்.